ஆவணக் காப்பகப் பணியில் சேர விரும்புவோருக்கு: படிப்பு முதல் பணியாணை வரை

நான் இத்துறைக்குள் நுழைய முயன்ற காலத்தில், எந்தப் படிப்பு எந்தப் பணியிடத்துக்குச் செல்லும், எந்தச் சான்றிதழை எந்தத் தேதிக்குள் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்பதைத் தமிழில் ஓரிடத்தில் எழுதி வைத்தவர் எவரையும் நான் காணவில்லை. அலுவலகம் அலுவலகமாகச் சென்று, ஆளுக்கொரு விதமாகச் சொன்னதையெல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் குறைய வேண்டும் என்பதற்காக, தமிழ்நாட்டிலிருந்து இப்பணிக்கு வர நினைப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய தாள்களை ஸ்கேன் செய்வதே ஆவணக் காப்பகப் பணி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஸ்கேன் செய்வது இப்பணியின் ஒரு சிறு பகுதிதான். ஒரு பதிவை யார் உருவாக்கினார், எதற்காக உருவாக்கினார், அது எந்தப் பதிவுகளுக்கு இடையில் இருந்தது என்பதை, அதை முன்பின் அறியாத ஒருவர் 50 ஆண்டுகள் கழித்துப் படித்தாலும் விளங்கும்படி எழுதி வைப்பதே இப்பணியின் மையம். கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் அந்தத் திறனை வளர்த்துக்கொள்ளும் வழியையே முன்னிறுத்தியிருக்கிறேன்.

1. எந்தப் பிரிவுக்குச் செல்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே துறையாகத் தோன்றினாலும், உள்ளே மூன்று வெவ்வேறு பாதைகள் இருக்கின்றன. முதலாவது அரசுக் காப்பகங்கள்: சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் கட்டடத்தில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், புது தில்லி ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம், அதன் கீழ் புதுச்சேரியில் இயங்கும் பதிவு மையம் ஆகியவை இவ்வகை. இரண்டாவது, ஒளிப்படங்களையும் தனியார் தொகுப்புகளையும் காக்கும் நிறுவனங்கள்: புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், பெங்களூரிலுள்ள கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம் போன்றவை. மூன்றாவது, இன்றைய அரசு அலுவலகங்களில் மின்வடிவிலேயே பிறக்கும் கோப்புகளைக் காக்கும் பணி. இது பெரும்பாலும் தகவல் தொழில்நுட்பத் திட்டங்களின் உறுப்பாகவே நடைபெறுகிறது.

முதல் பாதைக்குப் பெரும்பாலும் வரலாற்றுப் பட்டமும் போட்டித் தேர்வும் வேண்டும். இரண்டாவதற்குக் கைவேலைப் பயிற்சியும், நீங்கள் செய்து முடித்த பணிகளின் தொகுப்பும் வேண்டும். மூன்றாவதற்கு நூலக அறிவியலோ கணினி அறிவோ அடித்தளமாக இருக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தயாராக முயல்பவர்கள் ஒன்றிலும் முழுத் தகுதி பெறாமல் ஆண்டுகளை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒன்றை முதன்மையாக வைத்துக்கொண்டு, மற்ற இரண்டின் அடிப்படையை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்.

2. பழைய அறிவிக்கைகளைப் படித்துவிட்டுப் படிப்பைத் தேர்ந்தெடுங்கள்

பலரும் படிப்பில் சேர்ந்த பிறகுதான் வேலை அறிவிக்கையைத் தேடுகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிக்கொள்ளுங்கள். உங்களுக்கு விருப்பமான பணியிடத்துக்கு முன்பு வந்த அறிவிக்கைகளை எடுத்து, கல்வித் தகுதி என்ற பத்தியைச் சொல் சொல்லாகப் படியுங்கள். முதுகலை வரலாறு போதுமா, அதில் நவீன இந்திய வரலாறு ஒரு தாளாக இருந்திருக்க வேண்டுமா, ஆவணவியல் பட்டயம் கட்டாயமா, விரும்பத்தக்கதா, அனுபவம் எத்தனை ஆண்டு என்பவற்றைத் தனித்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ‘கட்டாயத் தகுதி’ என்ற தலைப்பின் கீழ் உள்ளது ஒன்று குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணக் காப்பாளர் நிலைப் பணியிடங்களுக்கு மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நேரடி நியமனமாக விண்ணப்பம் கோருகிறது. அதற்கான விண்ணப்பக் கட்டணம் 25 ரூபாய்தான். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு அதுவும் இல்லை. இவ்வகை நியமனத்தில் பணியிடங்கள் மிகக் குறைவு என்பதால், குறைந்தபட்சத் தகுதி இருந்தாலே நேர்காணலுக்கு அழைப்பு வரும் என்று எண்ண வேண்டாம். கூடுதல் தகுதி உடையவர்களை மட்டும் சுருக்கப்பட்டியலில் சேர்க்கும் உரிமை ஆணையத்துக்கு உண்டு.

மாநில அளவில் வேறொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளராகத் தேர்ச்சி பெறுபவர்கள், கலந்தாய்வில் தங்கள் தரவரிசைக்கு ஏற்பத் துறையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆவணக் காப்பகமும் வரலாற்று ஆராய்ச்சியும் ஒரே துறையாக உயர்கல்வித் துறையின் கீழ் வருகின்றன. கலந்தாய்வுப் பட்டியலில் அத்துறையின் காலியிடம் இருந்தால் அதைக் கேட்டுப் பெறலாம். பத்தாம் வகுப்புத் தகுதியோடு காப்பகத்துக்குள் நுழைய இது ஒரு நேர்வழி. ஆனால் கலந்தாய்வு மேசையில் முடிவெடுக்கக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவாதலால், எந்தத் துறை எந்தச் சுருக்கப் பெயரில் பட்டியலில் இருக்கும் என்பதை முன்னரே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. எங்கே படிப்பது

இந்தியாவில் இத்துறைக்கென்றே நடக்கும் படிப்புகளில் முதலில் எண்ணத்தக்கது, தேசிய ஆவணக் காப்பகத்தின் ஆவணவியல் பள்ளி நடத்தும் ஓராண்டுப் பட்டயப் படிப்பு. அரசு அலுவலகங்கள் அனுப்பும் பணியாளர்களோடு தனி விண்ணப்பதாரர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். தனி விண்ணப்பதாரர்களுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். இதே பள்ளி பதிவு மேலாண்மை, பழுதுபார்த்தல், பாதுகாத்தல், நகலாக்கம் ஆகியவற்றில் சில வாரங்களில் முடியும் சான்றிதழ்ப் பயிற்சிகளையும் நடத்துகிறது. இத்துறை தமக்கு ஒத்துவருமா என்ற ஐயம் உள்ளவர்கள் முதலில் ஒரு குறுகிய பயிற்சிக்குச் செல்வதே நல்லது. பயிற்சிக் கட்டணம் இங்கே பெரிய சுமையன்று. தில்லியில் தங்குவதற்கும் உண்பதற்கும் ஆகும் செலவுதான் உண்மையான செலவு. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் அறை தேடத் தொடங்குங்கள். ஜன்பத்துக்கு மெட்ரோவில் வந்து சேரக்கூடிய புறநகர்ப் பகுதிகளில் வாடகை குறையும்.

தில்லிக்குச் செல்ல இயலாதவர்கள் நூலக அறிவியல் வழியாக வரலாம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளநிலை, முதுநிலை நூலக அறிவியல் படிப்புகளை வேலை பார்த்துக்கொண்டே முடிக்க முடியும். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடிக்கெனத் தனித்துறை இருக்கிறது. இங்கே ஓர் ஆலோசனை சொல்ல விரும்புகிறேன்: அரிய எழுத்து ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள். மராத்தி மொழியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்தில், தஞ்சை மராட்டியர் காலத்து ஆவணங்கள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சு, டேனிஷ், பாரசீகப் பதிவுகளும் உள்ளன. இவற்றில் ஒன்றைத் தடுமாறாமல் படிக்கக்கூடியவருக்கு, இரண்டாவது முதுகலைப் பட்டத்தைவிட அதுவே வலுவான தகுதி.

4. சான்றிதழ்கள்: பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம்

தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறுவது இத்துறையில் மட்டும் நடப்பதன்று. ஆனால் காலியிடம் ஒன்றோ இரண்டோ வரும் துறையில் அந்த இழப்பை ஈடுசெய்ய அடுத்த வாய்ப்பு வர நெடுநாள் ஆகும். ஆகவே இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள்.

தமிழ்வழிச் சான்றிதழ். தமிழ்வழியில் படித்தோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு இடஒதுக்கீடு 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பணிக்குரிய கல்வித் தகுதியை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது. பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். இரண்டு மூன்று பள்ளிகளில் படித்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும், பிறகு கல்லூரியிலிருந்தும் தனித்தனியே, ஆணையம் தந்துள்ள படிவத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி மூடப்பட்டிருந்தாலோ வேறு பள்ளியோடு இணைக்கப்பட்டிருந்தாலோ பழைய பதிவேடு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும். அறிவிக்கை வரும்வரை காத்திராமல் இதை இன்றே தொடங்குங்கள்.

சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என வழங்கப்படும் நிரந்தரச் சான்றிதழ் மத்திய அரசுப் பணிக்குச் செல்லாது. மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் படிவத்தில், வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லர் என்ற குறிப்போடு, வட்டாட்சியரிடம் தனியாக வாங்க வேண்டும். மாநிலப் பட்டியலில் உள்ள உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் அதே பெயரில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். எழுத்துக்கூட்டல் வேறுபட்டால்கூடக் கேள்வி வரும். இது குடும்ப வருமானத்தைச் சார்ந்த சான்றிதழாதலால், எந்த நிதியாண்டுக்கு உரியது என்பதை அறிவிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் இதற்கான சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

இணைத்தன்மை ஆணை. உங்கள் பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் உள்ள பெயரோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகவில்லை என்றால், இரண்டும் இணையானவை என்று கூறும் அரசாணை உங்களிடம் இருக்க வேண்டும். அந்த அரசாணை அறிவிக்கை நாளிலோ அதற்கு முன்போ வெளியானதாக இருக்க வேண்டும். வரலாற்றோடு தொல்லியலையோ சுற்றுலாவையோ சேர்த்துப் பட்டம் வழங்கும் கல்லூரிகளில் படித்தவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

அனுபவச் சான்றிதழ். ‘இவர் எங்களிடம் சிறப்பாகப் பணியாற்றினார்’ என்ற நற்சான்றுக் கடிதம் அனுபவச் சான்றிதழாக ஏற்கப்படுவதில்லை. நிறுவனத்தின் தலைப்புத்தாளில், சேர்ந்த நாள், விலகிய நாள், முழுநேரமா பகுதிநேரமா, பதவிப் பெயர், செய்த பணியின் விவரம், பெற்ற ஊதியம், கையொப்பமிட்டவரின் பதவி முத்திரை என எல்லாம் இருக்க வேண்டும். பணிவிவரம் என்ற இடத்தில் ‘மின்னாக்கம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடாமல், எந்த வகைப் பதிவுகளை வகைப்படுத்தினீர்கள், எந்தத் தரநெறிப்படி விவரப்பட்டியல் (ஒவ்வொரு பதிவும் எது, யாருடையது என்று கூறும் பட்டியல்) எழுதினீர்கள் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். வேலையை விட்டு வெளியேறும் நாளிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள். திட்டம் முடிந்து குழு கலைந்த பிறகு கையொப்பமிட ஆளிருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்கள் துறைத் தலைவரின் தடையின்மைச் சான்றிதழுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதன் கோப்பு நகர எடுத்துக்கொள்ளும் காலத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. முதலில் வாசகராகப் போய் அமருங்கள்

ஒரு காப்பகத்தின் ஆய்வு அறையில் வாசகராக அமர்ந்து கோப்பு கேட்டு வாங்கிப் படித்த பழக்கம் இல்லாமல் காப்பாளராக வருபவருக்கு, தேடுபவரின் சிரமம் விளங்குவதில்லை. அடையாள அட்டை, புகைப்படம், நீங்கள் சார்ந்துள்ள கல்லூரியின் அல்லது வழிகாட்டியின் பரிந்துரைக் கடிதம், ஆய்வுத் தலைப்பை ஒரு பத்தியில் விளக்கும் விண்ணப்பம் ஆகியவற்றோடு செல்லுங்கள். தலைப்பை மிகவும் பரந்ததாக எழுதினால் எந்தக் கோப்பை எடுத்துத் தருவது என்று பணியாளருக்குத் தெரியாது. ‘சென்னை மாகாண நீர்ப்பாசனம்’ என்பதற்குப் பதில், ஒரு மாவட்டத்தையும் ஒரு பத்தாண்டையும் சுட்டி எழுதுங்கள். பேனா உள்ளே அனுமதிக்கப்படாது என்று எண்ணிக்கொண்டே பென்சிலோடு செல்வது நல்ல பழக்கம்.

தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் வீட்டிலிருந்தபடியே பட்டியலைத் தேடிப் பழகலாம். தேடலில் ஒரு கோப்பு ஏன் கிடைக்கிறது, மற்றொன்று ஏன் கிடைப்பதில்லை என்பதைக் கவனியுங்கள். விவரம் எழுதியவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்தினார் என்பதைத்தான் அது பெரும்பாலும் சார்ந்திருக்கிறது.

பயிற்சிப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் காப்பகம் போன்று பயிற்சியாளர்களை முறையாக ஏற்கும் இடங்களை முதலில் பாருங்கள். தன்னார்வமாகப் பணியாற்ற விரும்புவோர், இலங்கைத் தமிழ் எழுத்தாவணங்களை 2005 முதல் இணையத்தில் தொகுத்து வரும் நூலகம் திட்டத்தின் பட்டியல்களைப் படித்துப் பழகலாம். அங்கே துண்டறிக்கையும் சிற்றிதழும் எப்படி விவரிக்கப்படுகின்றன என்பது தமிழில் விவரப்பட்டியல் எழுதுவோருக்கு நேரடியாகப் பயன்படும்.

6. அலுவலகக் கோப்பின் நடைமுறையைக் கற்றுக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் ஒரு கடிதம் வந்ததும் ந.க. எண் என்ற பதிவு எண்ணைப் பெறுகிறது, பிரிவு எழுத்தர் தாம் கையாளும் தாள்களுக்கு வைத்திருக்கும் தன்பதிவேட்டில் ஏறுகிறது, நடவடிக்கை முடிந்ததும் முடிவின் வகை குறிக்கப்பட்டுப் பதிவறைக்குச் செல்கிறது. அந்த வகைதான் கோப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஓ.மு. என்றால் ஓராண்டு, மூ.மு. என்றால் மூன்றாண்டு, ப.மு. என்றால் பத்தாண்டு, நி.மு. என்றால் நிரந்தரம். பழைய கோப்புகளில் இவையே எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று ஆங்கிலச் சுருக்கமாக இருக்கும். மேலுறையில் உள்ள இந்த இரண்டெழுத்தைப் படிக்கத் தெரியாதவர் அழிக்க வேண்டிய கோப்புகளுக்கு ஸ்கேன் செலவு செய்வார். காக்க வேண்டியதைக் கழிவுத்தாளுக்கு அனுப்புவார். வட்டாட்சியர் அலுவலகத்திலோ நகராட்சியிலோ பதிவறை எழுத்தராக இருந்த ஒருவரிடம் ஒரு மாலை நேரம் பேசினால், புத்தகத்தில் கிடைக்காத விவரங்கள் கிடைக்கும்.

சட்டத்தில் 1993-ஆம் ஆண்டுப் பொதுப் பதிவுகள் சட்டத்தையும் 1997-ஆம் ஆண்டு விதிகளையும் முழுமையாகப் படித்துவிடுங்கள். நேர்காணலில் இவற்றிலிருந்து கேள்வி வராமல் இருப்பது அரிது. மத்திய அரசு அலுவலகங்கள் ஒவ்வொன்றும் ஒரு பதிவு அலுவலரை நியமிக்க வேண்டும். 1892-க்கு முன் உருவான பதிவை, காப்பகப் பயன் எதற்கும் உதவாத அளவுக்குச் சிதைந்திருந்தாலன்றி, அழிக்கக் கூடாது. விதிமீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, பதிவுகளை அட்டவணைப்படுத்தி வைப்பதை ஒவ்வொரு அலுவலகத்தின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

7. ஒளிப்படத் தொகுப்பில் பணியாற்ற

ஒளிப்படம் தாளைவிட விரைவில் கெடும். தொடுவதிலிருந்தே பயிற்சி தொடங்குகிறது: ஒளிப்படங்களையும் நெகட்டிவ்களையும் நைட்ரைல் கையுறையோடு, ஓரத்தைப் பிடித்தே எடுக்க வேண்டும். பருத்திக் கையுறை பிடிப்பைக் குறைத்துக் கண்ணாடித் தகட்டு நெகட்டிவ்களை நழுவ விடும். குறிப்பு எழுத வேண்டுமானால் படத்தின் பின்புறத்தில், ஓரமாக, மென்மையான பென்சிலால் எழுதுங்கள்; பந்துமுனைப் பேனாவின் அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். செலோடேப், ஒட்டும் பக்கம் கொண்ட ஆல்பம், பாலிவினைல் உறை ஆகிய மூன்றையும் தவிருங்கள். கண்ணாடித் தகடுகளை நான்கு மடிப்புள்ள தாளுறையில் இட்டு, நீண்ட ஓரம் கீழே இருக்குமாறு நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் உள்ளது உடையும்.

ஓரங்களில் நீலம் கலந்த வெள்ளி மினுமினுப்பு தெரிந்தால், படத்திலுள்ள வெள்ளி மேற்பரப்புக்கு வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிடேட் படச்சுருள் சிதைந்துகொண்டிருக்கிறது. அது பக்கத்திலுள்ளவற்றையும் கெடுக்குமாதலால் உடனே பிரித்து வையுங்கள். 1950-க்கு முந்தைய படச்சுருளாக இருந்து, ஓரத்தில் பாதுகாப்புச் சுருள் என்ற குறிப்பும் இல்லையென்றால், எளிதில் தீப்பற்றும் நைட்ரேட்டாக இருக்கலாம். பொறுப்பாளரிடம் சொல்லாமல் அதைக் கையாள வேண்டாம்.

சென்னை, புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதமே முதல் எதிரி. 65 விழுக்காட்டுக்கு மேல் நிலைத்தால் பூஞ்சணம் வந்துவிடும். அலுவலகங்களில் பகலில் குளிர்சாதனத்தை ஓடவிட்டு, மாலையில் நிறுத்திவிட்டுச் செல்லும் வழக்கம் இருக்கிறது. இந்த ஏற்ற இறக்கம், சற்றுக் கூடுதலானாலும் ஒரே சீராக இருக்கும் வெப்பத்தைவிடத் தீங்கானது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரமானி ஒன்றை வாங்கிக் காலையிலும் மாலையிலும் அளவைக் குறித்து வந்தால், நிர்வாகத்திடம் பேச உங்களிடம் சான்று இருக்கும்.

விவரம் எழுதுவதற்கு வருவோம். ‘பழைய குடும்பப் படம், மிக அழகானது’ என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. ‘ஸ்டூடியோ உருவப்படம், நாற்காலியில் அமர்ந்த முதிய பெண், இருபுறமும் நிற்கும் இரு இளைஞர்கள், பின்னணியில் படிக்கட்டும் தூணும் தீட்டிய திரை, கருப்பு வெள்ளை, கைவண்ணம் தீட்டியது, 14 × 10 செ.மீ., அட்டையில் ஒட்டியது; அட்டையின் அடியில் ஸ்டூடியோவின் புடைப்பு முத்திரை; பின்புறம் பென்சிலில் மாதமும் ஆண்டும்; வலது கீழ் மூலை கிழிந்துள்ளது’ என்று எழுதினால், உடை, திரை, ஸ்டூடியோ, ஊர் என எதைத் தேடி வருபவருக்கும் அப்படம் கிடைக்கும். உறவுமுறையை ஊகித்து ‘தாயும் மகன்களும்’ என்று எழுதிவிடாதீர்கள். படத்தைத் தந்தவர் சொன்னதாக இருந்தால், யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணங்கள் திட்டத்தில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்னாக்கம் செய்த பழைய தமிழ்நாட்டு ஸ்டூடியோ படங்கள் இணையத்தில் காணக் கிடைக்கின்றன. அவற்றில் பத்துப் படங்களுக்கு நீங்களே விவரம் எழுதிவிட்டுப் பிறகு அவர்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பதிப்புரிமை பற்றிய ஒரு பொறி. ஒளிப்படத்துக்கு வெளியிட்ட நாளிலிருந்து 60 ஆண்டு என்ற பழைய விதியை இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, மற்றப் படைப்புகளைப் போலவே படைப்பாளியின் ஆயுட்காலமும் அதன்பின் 60 ஆண்டுகளும் என்பதே விதி. பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன உருவப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லையெனில், எடுக்கச் சொன்னவர்தான், ஸ்டூடியோ அன்று. ஆகவே ஒரு ஸ்டூடியோவின் நெகட்டிவ் பெட்டிகளை வாங்கும்போது, பொருளின் கைமாற்றத்தையும் வெளியிடும் அனுமதியையும் தனித்தனிப் பத்திகளாக எழுதி வாங்க வேண்டும்.

8. அரசு மின்பதிவுகளைக் காக்க

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் ஏழாம் பிரிவிலிருந்து தொடங்குங்கள். மின்பதிவைக் காத்ததாகக் கொள்ள வேண்டுமானால், அது பின்னாளிலும் திறந்து படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உருவான வடிவிலோ, உள்ளடக்கம் மாறவில்லை என்று காட்டக்கூடிய வடிவிலோ இருக்க வேண்டும். எங்கிருந்து எங்கே, எந்த நாளில், எந்த நேரத்தில் சென்றது என்ற விவரமும் உடன் இருக்க வேண்டும். அரசின் மின்கோப்பு மென்பொருளான இ-ஆபீஸில் முடிவுற்ற கோப்பை அச்சிட்டு பி.டி.எஃப். ஆக்கி வைத்துவிட்டோம் என்று நிறைவடைபவர்கள் இந்த மூன்றாவது நிபந்தனையைத் தவறவிடுகிறார்கள்: குறிப்புப் பக்கத்தின் வரிசையும் ஒப்புதல் நேரமும் மின்கையொப்பத்தின் சரிபார்ப்பும் அதில் போய்விடுகின்றன. வடிவம் மாற்றினால் மின்கையொப்பம் செல்லாததாகும் என்பதால், மூலக் கோப்பையும், மாற்றுவதற்கு முன் கையொப்பத்தைச் சரிபார்த்த முடிவையும் சேர்த்தே வையுங்கள். மத்திய அரசு 2013-இல் அறிவித்த மின்னாளுகைப் பதிவுப் பாதுகாப்புத் தகவல் தரநெறி (eGOV-PID) எந்தெந்த விவரங்களைச் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறது. புணேயிலுள்ள சி-டாக் என்ற மத்திய அரசுக் கணினி ஆய்வு நிறுவனத்தின் மின்பதிவுப் பாதுகாப்புச் சிறப்பு மையம் அதை உருவாக்கியது.

தமிழ் மின்பதிவுகளுக்கென்றே உரிய ஒரு சிக்கலை வெளியூர்ப் பயிற்சிகளில் யாரும் சொல்லித் தருவதில்லை. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16-ஐயும் தமிழ் எழுத்துக் குறியேற்றங்களாக ஏற்கும் முன்பும், அதன்பின் பல ஆண்டுகளும், அலுவலகங்கள் வானவில் போன்ற தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அரசாணை வரைவு பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரியும்; ‘கோப்பு கெட்டுவிட்டது’ என்று அதை அழித்தவர்களும் உண்டு. இப்படிப்பட்ட கோப்பு கிடைத்தால் எந்த எழுத்துருவில் உள்ளது என்பதை விவரப்பட்டியலில் எழுதுங்கள். மூலத்தை மாற்றாமல் வைத்து, யூனிகோடுக்கு மாற்றிய நகலைத் தனியாகச் சேருங்கள். மாற்றியபின் எண்களையும், கிரந்த எழுத்துகளையும், ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளையும் கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பணியை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த தமிழர் ஒருவருக்கு இன்றைய அரசு அலுவலகங்களில் பெருந்தேவை இருக்கிறது.

சேமிப்பின் அளவைக் கணக்கிடத் தெரிந்திருக்க வேண்டும். ஏ4 பக்கம் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில், முழு வண்ணத்தில், சுருக்காத டிஃப் (TIFF) படக்கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 100 எம்.பி. வரும். ஒரு டெராபைட் வட்டில் 10,000 பக்கங்கள்கூட அடங்காது என்பதை ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே சொல்ல வேண்டும். எழுத்து மட்டுமுள்ள கோப்புக்கு 300 முதல் 400 புள்ளி போதும், ஒளிப்படத்துக்கு 600. நகல்கள் குறைந்தது மூன்று, இரு வேறு வகை ஊடகங்களில், ஒன்று வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தும் கணக்கிடப்படும் ஷா-256 (SHA-256) சரிபார்ப்பு எண்ணை எடுத்துவைத்து ஆண்டுதோறும் ஒப்பிட்டால்தான், ஓசையின்றிக் கெட்டவை தெரியவரும்.

விவரப்பட்டியல் எழுதுவதற்கான பன்னாட்டுத் தரநெறிகளில் ஐசாட்-ஜி (ISAD(G)), டப்ளின் கோர் (Dublin Core) இரண்டையும் கற்றால் தொடக்கத்துக்குப் போதும். ஐசாட்-ஜியின் 26 கூறுகளில் குறியீடு, தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, விவரிப்பு நிலை ஆகிய ஆறும் இன்றியமையாதவை. விவரப்பட்டியலுக்கான ஏட்டம் (AtoM), மின்பதிவைக் காப்பதற்கான ஆர்க்கைவமேட்டிகா (Archivematica) ஆகிய கட்டற்ற மென்பொருள்களை உங்கள் கணினியில் நிறுவி, வீட்டிலுள்ள பத்திரங்களையும் கடிதங்களையும் வைத்து ஒரு சிறு தொகுப்பை உருவாக்கிப் பாருங்கள். செலவில்லாமல் உருவாகும் இந்தத் தொகுப்பையே நேர்காணலில் காட்டலாம்.

9. ஒப்பந்தப் பணியை ஏற்கும் முன்

பலருக்கும் முதல் வேலை மின்னாக்க நிறுவனம் ஒன்றின் ஒப்பந்தப் பணியாகவே அமைகிறது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடங்களில் வேகமே எல்லாமாகிவிடும். தைத்த கோப்பின் நூலை அறுத்துத் தாள்களைக் கலைப்பது அங்கேதான் நடக்கிறது. மாத ஊதியமா பக்கக் கூலியா, வருங்கால வைப்புநிதி உண்டா, பதவிப் பெயர் என்ன, விவரப்பட்டியல் எழுதும் பணி உங்களுடையதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ‘டேட்டா என்ட்ரி ஆபரேட்டர்’ என்று ஆணையில் இருந்தால், நீங்கள் உள்ளே செய்தது எதுவாக இருந்தாலும் அனுபவச் சான்றிதழில் அதுவே வரும். கோப்புகளிலுள்ள ஓய்வூதிய, மருத்துவ விவரங்கள் தனிமனிதர்களுடையவை. 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின், காட்டுவதற்காகக்கூட அவற்றின் படத்தைக் கைபேசியில் எடுத்துச் செல்லாதீர்கள்.

10. காலமும் பணமும்

முதுகலை முடித்தவர் பட்டயப் படிப்புக்கு ஓராண்டும், அதன்பின் ஒரு திட்டப் பணியில் ஓரிரு ஆண்டும் ஒதுக்க வேண்டும். அரசு நியமனத்தில் அறிவிக்கைக்கும் பணியாணைக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஆவது வழக்கம். அந்த இடைவெளியில் கையிலிருக்கும் வேலையை விட வேண்டாம். தேர்வுக் கட்டணங்கள் பெரியவை அல்ல: மாநிலத் தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவு 150 ரூபாய், ஐந்தாண்டு செல்லும், குரூப் 4 தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். ஒருமுறைப் பதிவு காலாவதியாகும் நாளைக் குறித்து வையுங்கள். அதைப் புதுப்பிக்காமல் கடைசி நாளில் விண்ணப்பிக்க முயன்று தவறவிட்டவர்கள் உண்டு. பதிவு செய்த கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் அக்காலம் முழுவதும் மாற்றாதீர்கள்.

சான்றிதழ்கள் அனைத்தையும் அறிவிக்கை கேட்கும் அளவில் முன்கூட்டியே ஸ்கேன் செய்து, பெயரும் தேதியும் இட்டு இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் முன்னெழுத்து பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் வேறுபட்டிருந்தால் அதைத் திருத்தும் வேலையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அரசிதழில் பெயர் மாற்றம் செய்ய நேர்ந்தால் அதற்கே சில மாதங்கள் ஆகும்.